கத்தரிக்காய் கறுக்கும், டீ சிவக்கும்

நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப்போகும், பார்த்திருப்பீர்கள். அரக்கோணம் ஸ்டேஷனில் விற்கிற டீக்கு அந்தச் செம்பழுப்பு நிறத்தைக் கொடுப்பதும் அதே ரசாயனம்தான்.

தேயிலைச் செடி நம் அரக்கோணத்தில் பிழைக்காது. இங்கே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். அதற்கோ குளிர்ந்த மலை, பரவலான மழை, தண்ணீர் தேங்காத சரிவு, அமிலத்தன்மையுள்ள மண் எல்லாம் வேண்டும். இரவில் அரக்கோணம் வழியாகப் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலைமேல் குன்னூர், கோத்தகிரி பக்கம் போனால் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கலாம்.

அங்கே பெரிய எஸ்டேட்டுகளோடு, ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. சும்மா விட்டால் தேயிலை மரமாகிவிடும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து இடுப்புயரத்தில் வைத்திருக்கிறார்கள். பறிப்பது நுனிக் கொழுந்தை மட்டும்: ஒரு மொட்டு, இரண்டு இளம் இலை.

பறித்ததும் அவசரம் தொடங்கிவிடும். இலையின் செல்லுக்குள் கேட்டச்சின் என்ற பொருளும் ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. இலை கசங்கினால் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கும். காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் இலை சிவக்கும். மூட்டையை அழுத்திக் கட்டினால் உள்ளே சூடேறி, வழியிலேயே சிவந்து வீணாகும். அதனால் தளர்வாகக் கட்டி, நிழலில் வைத்து, அன்றைக்கே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். ஓர் ஏக்கர்காரர் தனியாகத் தொழிற்சாலை கட்ட முடியுமா? சேர்ந்து கட்டினார்கள். அப்படிப்பட்ட கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையம்தான் 1965இல் தொடங்கிய இன்ட்கோசர்வ்.

தொழிற்சாலையில் இரவெல்லாம் காற்றோட்டத்தில் வாட்டுவார்கள். வாடிய இலையை மடித்தால் ஒடியாது, துணிபோல வளையும். பிறகு சி.டி.சி. இயந்திரம். வேறுவேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பல் உருளைகள் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். இத்தனை நேரம் தடுத்த சிவப்பை இப்போது வேண்டுமென்றே வரவிடுகிறார்கள்! பச்சை செம்பு நிறமாகும், பச்சைப்புல் வாடை போய் டீ மணம் வரும். சரியான பதத்தில் சூடான காற்றில் உலர்த்தினால் நொதி செயலிழந்து சிவப்பது நின்றுவிடும். பதம் தவறினால் ருசியும் போச்சு. நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூள் கிடைக்கும். கிரீன் டீக்கு முதலிலேயே சூடுகாட்டி நொதியை அடக்கிவிடுவார்கள், அதனால்தான் அது சிவப்பதில்லை.

வீட்டில் கட்டன் டீ போட்டால் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். அமிலம் பட்டதும் நிறம் வெளுக்கும். பால் டீயில் விட்டுப் பார்க்காதீர்கள், பால் திரிந்துபோய் அம்மாவிடம் திட்டு வாங்குவீர்கள்.