ஒரே தாளத்தில் ஒரு நாடு

கொல்லிமலைச் செம்மேட்டில் விளக்கைப் போடுகிறீர்கள். அதில் பாயும் மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 50 முறை அலைவுறுகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் சுழலியும் நிமிடத்திற்கு 3000, அதாவது வினாடிக்கு 50 சுற்று சுழல்கிறது. ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பக்ரா அணையின் மின்னாக்கிகள் மெதுவாகச் சுழன்றாலும், காந்த முனைகள் மிகுதியாக இருப்பதால் அவையும் இதே 50 அலைவுகளைத் தருகின்றன. இவற்றுக்குத் தாளம் போடுபவர் யார்?

தனியாக எவரும் இல்லை. 1665-இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ், ஒரே சட்டத்தில் தொங்கிய இரு ஊசல் கடிகாரங்கள் சிறிது நேரத்தில் ஒரே கதியில், எதிரெதிர்த் திசைகளில் ஆடுவதைக் கண்டார். சட்டத்தின் நுண்ணிய அசைவே அவற்றைப் பிணைத்தது. மின்னாக்கிகளைப் பிணைப்பவை மின்தடங்கள். ஒரு மின்னாக்கி மற்றவற்றை முந்தினால் அதன்மீது சுமை கூடி வேகம் தணிகிறது. பின்தங்கினால் சுமை குறைந்து வேகம் கூடுகிறது. இதுவே ஒத்தியக்கம்.

பிணைப்பு போதிய வலுவுடன் இல்லையெனில் என்னாகும்? ஜப்பானிய இயற்பியலறிஞர் குராமோட்டோ 1975-இல் இதற்கு ஒரு கணித மாதிரி தந்தார். பிணைப்பு ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் ஒத்தியக்கம் பிறக்கிறது. அப்போதும் இயல்பில் நெருங்கிய வேகமுடையவை முதலில் சேர்கின்றன; மற்றவை தம் போக்கில் அலைகின்றன. இது பகுதி ஒத்தியக்கம்.

நம் நாடும் 2013 வரை இரு தாளங்களில் இயங்கியது. வடக்கு, மேற்கு, கிழக்கு, வடகிழக்குப் பகுதிகள் ஒரு தொகுதி, தென்னகம் மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்தது நேர்திசை மின்னோட்டம். அது ஆற்றலைக் கடத்தும், தாளத்தைக் கடத்தாது.

2012 ஜூலை 31 அன்று பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டது. அதன் சுமை பிற தடங்களில் பாய, அவையும் ஒவ்வொன்றாக விடுபட்டன. ஒத்தியக்கம் குலைந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மூன்று பகுதிகளின் பெரும்பாகம் மின்சாரம் இழந்தது. தென்னகத்துக்குக் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஏறத்தாழ 2000 மெகாவாட் நின்றது. ஆயினும், தானியங்கிக் கருவிகள் சில இணைப்புகளை உடனே துண்டித்துச் சுமையைக் குறைத்ததால் தெற்கின் தாளம் தப்பியது.

அப்படியானால் விலகி நிற்பதே நன்றா? இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இரு தொகுதிகளையும் ஒன்றாக்கியது. இன்று தெற்கில் ஒரு நிலையம் நின்றாலும் நாடெங்கும் உள்ள சுழலிகள் தோள் கொடுக்கின்றன. ஆனால் ஓரிடத்தின் தடுமாற்றம் எல்லோரையும் தொடும். எனவே இணைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆபத்து நேரத்தில் எங்கே, எவ்வளவு விரைவில் பிரிப்பது என்பதையும் பொறியாளர் முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும். செம்மேட்டின் விளக்கு அணையாதிருப்பது இவ்விரண்டையும் பொறுத்தது.