அகிரா இஃபுகுபே (1914–2006): காட்ஸில்லாவுக்குக் குரல் தந்தவர்

டபுள் பாஸின் தடித்த தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அழுத்தித் தேய்த்தார்கள். பதிவான ஓசையின் வேகத்தைக் குறைத்தார்கள். 1954இல் வந்த 'காட்ஸில்லா'வின் உறுமல் அப்படிப் பிறந்தது. விலங்குகளின் குரல் எதுவும் சரிவராதபோது இந்த வழியைக் காட்டியவர் இசையமைப்பாளர் இஃபுகுபே.

ஹொக்கைடோ தீவின் குஷிரோவில் பிறந்தவர். சிறுவயதில் கேட்ட ஐனு பழங்குடியினரின் பாட்டும் ஆட்டமும் அவருக்குள் ஊறிப்போயின. ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடித்து உருவேற்றும் பாணிக்கு வேர் அதுவே எனலாம். படித்தது வனவியல், இசை தானாகக் கற்றது. ஆனாலும் 1935இல் அவரது 'ஜப்பானிய ராப்சடி' பாரிஸில் செரெப்னின் பரிசை வென்றது!

போர்க்காலத்தில் மர ஆய்வின்போது கதிர்வீச்சு தாக்கி உடல் நலிந்தார். அணுகுண்டுச் சோதனையால் கிளம்பும் மிருகத்தின் கதை அவருக்கு வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது.

காட்ஸில்லாவின் புகழ்பெற்ற மெட்டில் மூன்று சுரங்கள் இறங்கி இறங்கி வரும். தாளம் நான்கும் ஐந்துமாக மாறி நடக்கும். முதல் படத்தில் அது மிருகத்துக்கானதல்ல, அதை எதிர்த்துப் புறப்படும் படைகளுக்கானது.

'பர்மிய யாழ்' (1956) உட்பட 250க்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த இஃபுகுபே, டோக்கியோ இசைக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். அவர் இசையமைத்த கடைசி காட்ஸில்லா படம் 1995இல் வெளியானது.