போர்ச் செய்தி வலையொலிகளில் ஒலி வடிவமைப்பு

போர்ச் செய்தியை ஆவணமாகச் சொல்லும் வலையொலியில் (பாட்காஸ்ட்) செய்தியாளர் குரல், நேர்காணல், களத்தில் பதிவான ஓசை, பின்னர் சேர்க்கும் ஓசை, இசை, மௌனம் ஆகியவற்றைத் தேர்ந்து அடுக்கும் பணி ஒலி வடிவமைப்பு எனப்படுகிறது. திரைப்படத்திலும் இதே வேலை உண்டு. ஆனால் ஆவண வலையொலியில் காதில் விழும் வெடிச்சத்தத்தைக் கேட்பவர் சான்றாகவே எடுத்துக்கொள்கிறார். அது களத்தில் பதிவானதா, கணினியில் சேர்க்கப்பட்டதா என்பதைக் காதால் மட்டும் பிரித்தறிவது கடினம்.

இச்சிக்கல் பழையது. 1918 அக்டோபரில் பிரான்சின் லீல் நகரருகே வில்லியம் கெய்ஸ்பெர்க் பதிவு செய்ததாக வெளிவந்த நச்சுவாயுக் குண்டுவீச்சு இசைத்தட்டில், ஓசைகள் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். மாறாக, 1940 ஆகஸ்டில் லண்டன் டிராபல்கர் சதுக்கத்திலிருந்து பேசிய அமெரிக்கச் செய்தியாளர் எட்வர்டு மரோ, ஒலிவாங்கியைத் தரையருகே வைத்து, பதுங்கிடத்துக்குச் செல்வோரின் காலடி ஓசையை நேயர்களுக்குக் கேட்கச் செய்தார். வெடியோசை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

நேர்த்தியான ஒலி, உறுதிப்படாத சாட்சியத்துக்கும் நம்பகத்தன்மை தந்துவிடும். நியூயார்க் டைம்ஸ் 2018-இல் வெளியிட்ட ‘காலிஃபேட்’ வலையொலி பீபாடி விருது பெற்றது. அதன் முதன்மைச் சாட்சியின் கூற்றுகள் நிறுவப்படவில்லை என்று 2020 டிசம்பரில் அந்நாளிதழே ஒப்புக்கொண்டு விருதைத் திருப்பியளித்தது.

எம்டன் தாக்குதல்: ஓர் எடுத்துக்காட்டு

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. ‘அவன் பெரிய எம்டன்’ என்னும் பேச்சுவழக்கு மிஞ்சியது, ஓசை மிஞ்சவில்லை. இதைப் பற்றி வலையொலி செய்பவர் ஓசையைப் புதிதாகக் கட்டத்தான் வேண்டும்.

கப்பல் கரையிலிருந்து ஏறத்தாழ 2,700 மீட்டர் தொலைவில் நின்றது. அத்தொலைவைக் கடக்க ஒலிக்குச் சுமார் 8 நொடி ஆகும். எம்டனின் 10.5 செ.மீ. பீரங்கிக் குண்டு குழலை விட்டு நொடிக்கு 690 மீட்டர் வேகத்தில் கிளம்பியது. அதாவது ஒலியை முந்தியது. எனவே கரையில் நின்றவருக்கு முதலில் கடலில் மின்னல் போன்ற ஒளி, அடுத்து அருகில் குண்டு வெடிக்கும் சத்தம், அதன் பிறகே பீரங்கி முழக்கம். திரைப்படப் பழக்கத்தில் ‘டமார், விசில், வெடி’ என்று அடுக்கினால் வரிசை தலைகீழாகிவிடும்.

பின்னணியும் கவனத்துக்குரியது. சென்னையில் 1895 முதல் மின்சார டிராம் ஓடியது. மோட்டார் ஆரன் இரைச்சல் சேர்ப்பது தவறு. இன்றைய மெரினாவில் வாகன ஒலியின்றிக் கடலைப் பதிவு செய்வது கடினம் என்பதால், பொன்னேரியை அடுத்த பழவேற்காடு பொருத்தமான இடம். அங்கும் ஏரிப்பக்கத்து மெல்லிய சலசலப்பு சென்னைக் கடலுக்கு ஒவ்வாது. வங்கக்கடல் பக்கம் அலை உடையும் ஓசையே வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பரில் பதிவு செய்வது நல்லது. எஞ்சின் படகுகள் எந்நேரம் கிளம்பும், எந்நேரம் திரும்பும் என்பதை மீனவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக் கவனமாகக் கட்டினாலும் அது 1914-இன் ஓசை ஆகாது. நிகழ்ச்சியின் கடைசியில் நன்றியறிவிப்போடு சேர்த்துச் சொன்னால் பலர் அதற்குள் நிறுத்தியிருப்பர். ஆகவே அந்தக் காட்சி தொடங்குமுன்னரே, ‘இது மறு உருவாக்கம்’ என்று தொகுப்பாளர் குரலில் ஒரு வரி சொல்ல வேண்டும்.