புள்ளி இல்லை பாஸ்... அம்புதான் மேட்டர்!

மூளையில இருக்கிற ஒரே ஒரு நியூரானைத் தனியா கூப்பிட்டு, 'எங்க அம்மா முகம் ஞாபகம் இருக்கா?'ன்னு கேட்டா, பேய் முழி முழிக்கும். ஆனா, பல நியூரான்கள் கைகோத்தா, திருவிழாக் கூட்டத்திலும் அம்மாவைச் சட்டுனு கண்டுபிடிச்சிடுறோம். தனி ஆள்கிட்ட இல்லாத திறமை, கூட்டணியில மட்டும் எப்படி முளைக்குது? இந்த முளைப்புக்குப் பேர்தான் 'எமர்ஜென்ஸ்'.

இதைக் கணக்குக்குள் கொண்டுவர முயன்றவர்கள், பிரான்ஸ் கணிதப் பேராசிரியை ஆந்த்ரே எரெஸ்மனும், டாக்டர் ழான்-பால் வான்பிரமீர்ஷும். 1980-களில் தொடங்கிய ஆராய்ச்சி, 2007-ல் புத்தகமாகவும் வந்தது. அவர்கள் எடுத்த ஆயுதம், 'கேட்டகிரி தியரி'. 1945-ல் ஐலன்பெர்க், மெக்லேன் என்ற இருவர் உருவாக்கியது.

பயப்படாதீங்க, ஆரம்பப் பாடம் ரொம்ப ஈஸி. சில புள்ளிகள். நடுவுல அம்புக்குறிகள். புள்ளிக்கு உள்ளே என்ன இருக்குன்னு இந்தக் கணக்கு நோண்டாது. 'உனக்கு யாரோட என்ன உறவு?' என்று மட்டும்தான் கேட்கும்.

காலேஜ் கிரிக்கெட் டீமையே எடுத்துக்கலாம். பதினொரு பேர் பதினொரு புள்ளி. அவங்க சேர்ந்து செய்வதை எல்லாம் ஒரே ஆளாக நின்று செய்யும் இன்னொரு புள்ளி, 'டீம்'. கணக்கு பாஷையில் அது 'கோலிமிட்'. பழைய செட் போய் புது செட் வந்தாலும் டீம் அதேதான். ஒரே முழுமையை வேற வேற ஆட்களைக் கொண்டும் கட்டலாம். எரெஸ்மனின் முக்கியப் பாயின்ட் இதுதான்.

சீனியர்களுக்கு ஒரு கோச் பழக்கம். ஜூனியர்களுக்கு ஒரு கிரவுண்ட்காரர் பழக்கம். கோச்சுக்கும் கிரவுண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா, டீம் வழியா கோச் அங்கே வந்து நிற்பார்! இந்தப் புது அம்பு எந்தத் தனி ஆளிடமும் கிடையாது. எமர்ஜென்ஸ் பிறக்கிற இடம் இதுதான்.

உயிரிலும் இதே சாயல்தான். லூசின் என்ற அமினோ அமிலத்துக்கு மரபணுவில் 6 குறியீடுகள். பக்கவாதத்தில் பேச்சு போன சிலருக்கு மறுபடி பேச்சு வருதே? மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையை ஓரளவு ஏத்துக்கிறதும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கு மருந்து கண்டுபிடிச்சுத் தராது. எந்த நியூரான் எங்கே இணையும்னு லேப்தான் சொல்லணும். எந்தக் கேள்வியைக் கேட்கணும்னுதான் இது காட்டுது.

'கழட்டிப் பார்த்தா புரியும்'கிறது எங்க இன்ஜினீயரிங் வேதம். மோட்டாருக்கு ஓகே. மனுஷனைக் கழட்டினா பாகம் எல்லாம் கையில இருக்கும், அம்புகள் அறுந்திருக்கும்!