பேர்மிட் காணியும் கிழமைக் கடனும்

கிளிநொச்சியில் ஒரு வயல் கைமாறும் பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி ‘உறுதியா, பேர்மிட்டா?’ என்பதுதான். உறுதி என்றால் முழு உரித்து. பேர்மிட் என்றால் நிலம் அரசுடையது. உழலாம், வீடு கட்டலாம். நினைத்தபடி விற்கவோ துண்டாடவோ முடியாது, ஈடு வைப்பதற்கும் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் வகுத்த வழி இது. அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்த டி.எஸ். சேனநாயக்கவின் காலத்துச் சிந்தனை எளிமையானது: ஏழைக் கமக்காரனுக்கு முழு உரித்தைக் கொடுத்தால் அது விரைவில் வட்டிக்காரனிடம் போய்விடும். உலக அரசியலில் லிபரல், லிபர்டேரியன் என்று இரு தரப்பாக நின்று வாதாடுபவர்களின் சண்டை முழுவதும் இந்த ஒரு தாளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இரு தரப்பும் ஒரே வேரில் கிளைத்தவை. காட்டை வெட்டித் தன் உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் சொந்தம் என்று 17ஆம் நூற்றாண்டில் எழுதிய ஜோன் லொக்கை இருவருமே மூதாதை என்பார்கள். (1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னிக் காட்டை வெட்டியவர்களில் பலருக்குப் பேர்மிட் கூட நெடுங்காலம் கிடைக்கவில்லை என்பதை லொக் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!) ஆகவே ஆட்சி வரம்பு மீறும் இடத்தில் இருவரும் ஒரே பக்கம் நிற்பார்கள். முல்லைத்தீவின் கேப்பாபுலவு, பிலக்குடியிருப்பு மக்கள் படையினர் பிடித்திருந்த தம் காணிகளைக் கேட்டு 2017இல் தெருவோரம் இரவு பகலாக இருந்தார்கள். அந்தக் கோரிக்கையை எந்த லிபர்டேரியனும் மறுக்கமாட்டான், எந்த லிபரலும் மறுக்கமாட்டான். பிரிவு அதற்குப் பிறகுதான். பிறர் தலையிடாதிருந்தால் போதும், அதுவே சுதந்திரம் என்கிறது லிபர்டேரியன் தரப்பு. 1974இல் ரொபர்ட் நொசிக் அதற்கொரு பெரிய நூல் எழுதினார். தலையீடு இல்லாதிருப்பது மட்டும் போதாது, வாழ்வதற்கான வாய்ப்பும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பது, அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஜோன் ரோல்ஸ் வாதிட்ட லிபரல் நிலைப்பாடு.

போர் முடிந்த பின் வன்னிக்குள் வந்த நுண்கடன் கம்பனிகள் இந்த வேறுபாட்டைக் கண்முன் நிறுத்தின. கணவனை இழந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் எடுத்தார்கள். கிழமைக்குக் கிழமை தவணை. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஒருவர் சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போவதைக் குறிப்பிட்டார். அதே ஆண்டு அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் நின்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. லிபர்டேரியன் இதை ஏற்கமாட்டான். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவள் வளர்ந்த பெண், அவளுக்கு அரசு ஏன் பாதுகாவலர் ஆக வேண்டும் என்பான். வரம்பு போட்டால் கம்பனி கடையைக் கட்டும், அவள் ஊர் வட்டிக்காரனிடம்தான் போவாள் என்றும் சொல்வான். இந்த இரண்டாவது வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. வேறு கதவு திறக்காதவரை உச்சவரம்பு ஒரு கதவை அடைப்பதோடு நின்றுவிடும்.

முதலாவது வாதம் அப்படியல்ல. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் வீட்டுக் கூரையும் ஒரே நேரத்தில் நெருக்கும்போது, ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியில்லாதவளின் கையெழுத்தை விருப்பம் என்று எழுதிக்கொள்வது கணக்குக்கு வசதி, அவ்வளவுதான். ஆனால் அந்த வழி ஏன் இல்லை என்று கேட்டால் லிபர்டேரியனுக்கு ஒரு புள்ளி கொடுத்தே ஆகவேண்டும். வங்கிக்கு ஈடு வேண்டும். அவளிடம் இருப்பது பேர்மிட். அதிலும், வாரிசு நியமிக்கப்படாத காணியில் மகனுக்கே முன்னுரிமை தந்த அந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல்தான் திருத்தப்பட்டது. வட்டிக்காரனிடமிருந்து காப்பாற்ற எழுந்த சட்டமே அவளை வட்டிக்காரனின் படலைக்கு அனுப்பியதில் பங்கெடுத்திருக்கிறது. காப்பாற்றும் அரசு யாரைக் காப்பாற்றுகிறது என்று லிபரல்கள் போதிய அளவு கேட்பதில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் முழு உறுதி கொடுத்துவிடலாமே? 2024இல் ‘உறுமய’ என்ற பெயரில் ரணில் விக்கிரமசிங்க அரசு தொடங்கியது அதைத்தான். கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் முறை தப்பக்கூடாது. 2010இல் உறுதியும் அந்த நுண்கடனும் சேர்ந்து வந்திருந்தால் இன்று வயல் யார் பெயரில் இருக்கும்? கூட்டுறவுக் கடனும் மலிவான வங்கிக் கடனும் முன்னே வர, உறுதி பின்னே வரவேண்டும். முதல் இரண்டுக்கும் பொதுப்பணம் தேவை.

இன்னொன்றையும் லிபர்டேரியன் கணக்கில் சேர்க்கவேண்டும். கிளிநொச்சி வயலின் விலை மண்ணில் மட்டும் இல்லை, இரணைமடுத் தண்ணீரிலும் இருக்கிறது. அரசு கட்டிய குளம் அது. தண்ணீரைக் கமக்காரரே பங்கிட்டு ஆளலாம் என்று எலினோர் ஒஸ்ட்ரொம் காட்டினார், அதற்கு 2009இல் நோபல் பரிசும் பெற்றார். அது சரி. ஆனால் பலர் சேர்ந்து கட்டுப்படும் அந்த ஏற்பாட்டில் ‘என் காணி, என் இஷ்டம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. கையில் முழு உறுதி இருந்தாலும், குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் கேட்டு வரவேண்டும்.