காரில் லடாக்: கிளம்புமுன் குடும்பத்தோடு பேச வேண்டியவை

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் வெகுகாலம் ஒரே பொருள்தான். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ முண்டியடித்து இடம் பிடித்து, பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் கொண்டு சேர்ப்பது. இப்போது காற்று மாறி வீசுகிறது. தாத்தாவும் பாட்டியும் ஊரிலிருந்து இங்கே வருகிறார்கள். வாசலில் கார் நிற்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளை படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் லடாக்" என்கிறான். "நாங்களும் வருகிறோம்" என்று பெரியவர்களும் பையை எடுக்கிறார்கள்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் இது ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவது போலன்று. நம் நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மணாலியிலிருந்து லே போகும் சாலையில் உள்ள தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர்; அதாவது தொட்டபெட்டாவின் மேல் இன்னொரு தொட்டபெட்டாவை அடுக்கினாலும் அந்த உயரம் வராது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. மழையோ ஆண்டு முழுவதும் சேர்த்து 100 மில்லிமீட்டர் அளவில்தான்; சென்னையில் ஐப்பசி அடைமழை ஒரே நாளில் கொட்டிவிடும் தண்ணீர் அது. பனியும் பாலையும் ஒன்றாக இருக்கும் பூமி. ஆகவே திட்டமிடும்போது முதலில் பேச வேண்டியது காரைப் பற்றியன்று, உடம்பைப் பற்றி.

எந்த வழியாக ஏறுவது?

டில்லியிலிருந்து லே போக இரண்டு சாலைகள். ஒன்று மணாலி வழி. மற்றது ஜம்மு, ஸ்ரீநகர், கார்கில் வழி. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயைத் தவிர்த்து நேரே லாஹுல் பள்ளத்தாக்கில் கொண்டு விடுவதால், நம்மவர்களில் பலர் மணாலி வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள். தூரமும் குறைவு. ஆனால் முதல் முறை போகும் குடும்பத்துக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. கேலாங், ஜிஸ்பா தாண்டினால் பாராலாச்சா, நகீ, லாச்சுங், தங்லங் என்று நான்கு கணவாய்கள்; நான்கும் 4,700 மீட்டருக்கு மேல். நடுவே இரவு தங்குவதென்றால் சர்ச்சு கூடாரங்கள்தான். அதுவே சுமார் 4,300 மீட்டர். சமவெளியிலிருந்து ஏறி இரண்டு மூன்று நாட்களில் அங்கே படுத்தால், பலருக்கு அந்த இரவு தலைவலியும் வாந்தியுமாகவே விடியும்.

ஸ்ரீநகர் வழி சுற்று. ஆனால் உடம்புக்கு இதமான படிக்கட்டு. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அடுத்த இரவு கார்கில், சுமார் 2,700 மீட்டர். அதற்கடுத்த இரவு லே. வழியில் வரும் மிக உயர்ந்த கணவாயான ஃபோட்டு லாவும் 4,108 மீட்டர்தான். 2025 ஜனவரியில் சோனாமார்க் சுரங்கப்பாதையும் திறந்துவிட்டது. ஆகவே பாதுகாப்பு நிலவரமும் வானிலையும் இடம் கொடுத்தால், ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குவதே குடும்பங்களுக்கு நல்லது. லேயில் பழகிய உடம்பு, திரும்பும் வழியில் அந்த நான்கு கணவாய்களையும் பெரிதும் தாங்கிக்கொள்ளும்.

நாட்கணக்கு இப்படி வரும்: டில்லி–ஜம்மு ஒரு நாள், ஸ்ரீநகர் ஒரு நாள், அங்கே ஓய்வு ஒரு நாள், கார்கில் ஒரு நாள், லே ஒரு நாள். லேயில் முதல் இரண்டு நாட்கள் எங்கும் ஏறாமல் ஓய்வு. பிறகு சுற்றிப் பார்க்க இரண்டு நாட்கள். திரும்புகையில் விடியுமுன் கிளம்பி ஜிஸ்பா, பிறகு மணாலி, சண்டிகர், டில்லி. மொத்தம் பதின்மூன்று நாட்கள். இதன் மேல் இரண்டு நாட்களை "சாலைக்கு" என்று ஒதுக்கி வையுங்கள். பத்து நாள் விடுப்புதான் கிடைக்கும் என்றால் இந்தப் பயணத்தை வேறொரு வருடத்துக்கு வைத்துக்கொள்வது உத்தமம். விடுப்பு குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது ஓய்வு நாள்தான். ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எப்போது போவது? மணாலிப் பக்கச் சாலை குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். பள்ளி விடுமுறையை ஒட்டிப் போகிறவர்களுக்கு ஜூன் பிற்பாதி பொருத்தம். ஜூலை, ஆகஸ்டில் இமாசலத்தில் மழையும் மண்சரிவும். 2023 ஜூலையில் பியாஸ் வெள்ளம் மணாலிச் சாலையையே பல இடங்களில் அரித்துக்கொண்டு போனதை நாம் பார்த்தோம். மழையே இல்லாத லேயிலும் 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்துப் பெய்து உயிர்கள் பல போயின. பள்ளிக் கவலை இல்லாதவர்களுக்கு செப்டம்பர் அருமையான மாதம்.

பெரியவர்களை அழைத்துப் போகலாமா?

வீட்டில் மனஸ்தாபம் வரும் இடம் இதுதான். வயது மட்டுமே தடையன்று. இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவர் சரியென்று சொல்லாமல் கிளம்பக் கூடாது. "அப்பாவிடம் எப்படிச் சொல்வது?" என்று தயங்கிக் கடைசியில் அழைத்துப் போவதைவிட, மருத்துவர் வாயாலேயே சொல்ல வைப்பது மரியாதையும்கூட. அவர்களை மணாலி வரையோ ஸ்ரீநகர் வரையோ அழைத்துப் போய், அங்கே துணையோடு தங்க வைக்கலாம். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைக் குளிரில் உறைய விடக் கூடாது. உறைந்த மருந்து பயன்படாது. பெட்டியில் போடாமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை உண்டு. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். ஆகவே கிளம்புமுன் மருத்துவரைக் கேட்டே வாங்குங்கள். கடையில் விற்கும் சிறிய ஆக்சிஜன் குப்பி சில நிமிடங்களுக்குத்தான் வரும். அதை நம்பி மேலே ஏறக் கூடாது.

அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே இறங்க வேண்டும். இரவென்றும் பார்க்கக் கூடாது. வாயால் சொல்லத் தெரியாத சிறு குழந்தை சாப்பிட மறுத்து, விளையாடாமல் சுருண்டு கிடந்தால் அதுவும் அறிகுறிதான். லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இருக்கிறது. நடு வழியிலோ, இறங்குவதே முதல் மருந்து.

வண்டியும் சாலையும்

பிரேக், கிளட்ச், கூலண்ட், டயர் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். முந்தின நாள் மாற்றிய பாகம் மலையில்தான் பரீட்சைக்கு வரும். நல்ல ஸ்டெப்னி, ஜாக்கி, பங்க்சர் சாமான், இழுக்கும் கயிறு, டார்ச் அவசியம். மணாலி வழியில் தாண்டியில் உள்ள பெட்ரோல் பங்க், அடுத்தது 365 கி.மீ. தள்ளி என்ற அறிவிப்புப் பலகையால் பெயர் பெற்றது. திரும்பி வரும்போதும் இதே கணக்குதான். லேயிலோ காரூவிலோ டாங்கை நிரப்பாமல் கிளம்பாதீர்கள்.

சொந்தக் காரில் போவதே நல்லது. வெளியிலிருந்து வரும் வாடகைக் கார்களில் ஊர் சுற்றுவதை லடாக் டாக்சிக்காரர்கள் ஏற்பதில்லை. வண்டி உங்கள் பெயரில் அல்லது உடன் வருபவர் பெயரில் இருந்தால் விவாதமே வராது. போஸ்ட்பெய்ட் தொலைபேசி ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

பனி உருகி ஓடும் ஓடைகள் சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏற ஏறப் பிற்பகலில் பெருகிவிடும். அதனால்தான் அங்கே எல்லோரும் இருட்டோடு கிளம்புகிறார்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். சாலையோரத்தில் தார் கொதிக்க வைக்கும் தொழிலாளர்களைப் பார்ப்பீர்கள். எல்லைச் சாலை அமைப்புக்காக அவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாமும்தானே? வேகத்தைக் குறைத்து, அவர்கள் மேல் புழுதி இறையாமல் போவோம்.

சாப்பாடு

உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். லேயில் 90 டிகிரியைக்கூட எட்டாது. அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது, சாதம் நறுக்கென்றே நிற்கும். சின்ன குக்கரும் அடுப்பும் கொண்டு போகும் குடும்பத்துக்கு அங்கே ராஜ யோகம்தான். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கெடாமல் இருக்கும். வயிறு முட்ட உண்ணாமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். முதல் நாட்களில் மது அறவே வேண்டாம்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின இரவு குடும்பமாக உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: யாராவது ஒருவர் "முடியவில்லை" என்றால், அது எட்டு வயதுக் குழந்தையாக இருந்தாலும், எல்லோரும் திரும்புவோம், பிறகு யாரும் அதைச் சொல்லிக் காட்டக் கூடாது. செலவழித்த பணத்தையும் பிள்ளைகளின் ஏமாற்றத்தையும் நினைத்துத் தலைவலியை மறைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவராகவோ அம்மாவாகவோதான் இருப்பார். அவர் வாய் திறந்து சொல்வதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். எந்த இரவு எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரத்தை அக்கம்பக்கத்திலோ சங்கத்திலோ ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். சுகமாகப் போய் வாருங்கள்.