மலையேற வேண்டிய சங்கம்

ஜவ்வாது மலை! சாமை விளையும் மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் பாடுபட்டு வாழும் மலை. அம்மலையின் காவலூர் வான் ஆய்வு நிலையத்தில் 1988-ஆம் ஆண்டு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தனர். கணித மேதை இராமானுஜன் பெயரைச் சூட்டினர். 4130 என்று எண்ணும் தந்தனர். அந்த எண்ணை உலகின் எந்த மூலையில் சொன்னாலும் வானியல் அறிஞர் அதே சிறுகோளைத்தான் பார்ப்பார். ஐயமில்லை, குழப்பமில்லை!

வானத்துக் கல்லுக்கு வாய்த்த இந்தப் பேறு, மலைமேல் வாழும் தாய்க்கு வாய்த்திருக்கிறதா? கேட்கிறோம் தோழர்களே!

எண்ணுக்குப் பஞ்சமில்லை. கருவுற்ற தாயின் பெயரைப் 'பிக்மி' கணக்கில் பதிந்து 12 இலக்க எண் தருகிறார்கள். 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டமோ 14 இலக்க எண் தருகிறது. ஆனால், ஜமுனாமரத்தூரில் எழுதிய குறிப்பு, அந்தத் தாய் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்கும்போது கூடவே இறங்க வேண்டாமா? இரத்தம் எந்த வகை, எந்த மருந்து ஒவ்வாது, முந்திய பேற்றில் என்ன நேர்ந்தது என்றெல்லாம், வலியால் துடிப்பவளிடமா கேட்பது?

ஒரு மருத்துவமனையின் கணிப்பொறி எழுதியதை மற்றொன்று படிக்க வேண்டுமானால், இரண்டுக்கும் பொதுச்சொல் வேண்டும், பொதுமுறை வேண்டும். அதை ஆராயும் துறைதான் மருத்துவத் தகவலியல். 1967-இல் சிறு குழுவாகத் தோன்றி, 1974-இல் ஸ்டாக்ஹோம் நகரில் முதல் உலக மாநாடு கண்டு, 1989-இல் தனி அமைப்பாக நிமிர்ந்தது பன்னாட்டு மருத்துவத் தகவலியல் சங்கம். நம் நாட்டில் 1993-இல் பிறந்தது இந்திய மருத்துவத் தகவலியல் சங்கம். மருத்துவரையும் பொறியாளரையும் ஒரே மேடையில் அமர்த்தியது, மாநாடுகள் கூட்டியது, ஆய்விதழ் கண்டது. மின்னணு மருத்துவ ஏட்டுக்கான தரங்களை மத்திய அரசு 2013-இல் வெளியிட்டது, 2016-இல் திருத்தியது. நல்ல தொடக்கம்! பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டு, ஒன்று கேட்கிறோம். தறி ஓட்டுபவனுக்கு இடமில்லாத நெசவாளர் சங்கம் உண்டா? ஏட்டை எழுதுகிறவர் யார்? மலைப்பாதையில் நடந்து சென்று தாயின் எடையைக் குறிக்கும் கிராம சுகாதார செவிலியர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிப் போய் இரத்த அழுத்தம் பார்க்கும் தன்னார்வலப் பெண். கைபேசிக்கு அலை எட்டாத குன்றில், பகலெல்லாம் தாளில் எழுதி, இரவில் கணிப்பொறியில் ஏற்றினால் வேலை இரட்டிப்பு, பிழையும் இரட்டிப்பு. இதை அறிந்தவர்கள் அவர்கள். அறிந்தவர்க்கு அரங்கில் இருக்கை வேண்டும்; அவர்கள் பேசும் தமிழுக்கு ஏட்டில் இடம் வேண்டும்.

மற்றொன்றும் வேண்டும். நோயாளியின் ஏடு நோயாளிக்கே உரியது. ஒரு பெண்ணின் நோய் சந்தைச் சரக்கல்ல, விலை பேச! தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் உறங்காமல் காப்பது யார் கடமை? முறை வகுக்கும் அறிஞர்கள் கடமையன்றோ!

சங்கம் என்பது கூடிக் கலைவதற்கன்று. கடைசி மனிதனுக்காகக் கூடி நிற்பதற்கு. காவலூர்த் தொலைநோக்கி விண்ணைப் பார்க்கட்டும்; தகவலியல் அறிஞர்கள் அந்த மண்ணைப் பார்க்கட்டும். மலையேறி வாருங்கள் என்று அழைக்கிறோம்!